வேலிக்குள் தேங்கிய தண்ணீர்

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் பாலத்தின் கரைச்சுவரை உடைப்பது என்று முடிவாகிவிட்டது. உடைக்கச் சொன்னது சர்வேயர் தியுர்மா அல்ல. ஆனால் அவள் கொடுத்த எண்தான் அந்தச் சுவருக்குத் தீர்ப்பு எழுதியது. சுவரின் தலை இருக்க வேண்டியதைவிட ஆறு சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறது என்று முந்தின நாள் அவளுடைய செயற்கைக்கோள் அளவுகோல் காட்டியது. அவள் மூன்று முறை வைத்துப் பார்த்தாள். மூன்று முறையும் அதே ஆறு.

ரியாவு மாகாணத்தில், எண்ணெய்ப்பனைத் தோட்டங்களைக் கிழித்துக்கொண்டு கடற்கரை நோக்கிப் போகும் சுங்கச்சாலை அது. சாலையைப் போடுவது தியுர்மா வேலை பார்த்த கம்பெனி. கால்வாய் மேல் பாலம் கட்டுவது பரியாமானிலிருந்து வந்த ஷாஃப்ரில் என்ற மேஸ்திரியும் அவர் ஆட்களும். சாலையும் பாலமும் அந்தச் சுவரில்தான் சந்திக்க வேண்டும். இப்போது சாலை கீழே, சுவர் மேலே. ஒருவர் கணக்கு தப்பு.

அந்த ஊரில் ஆணைப் 'பாக்' என்றும் பெண்ணை 'இபு' என்றும் கூப்பிடுவது மரியாதை. காலைக் கூட்டத்தில் சைட் மேனேஜர் வினார்னோ காபியை உறிஞ்சியபடி கேட்டார்.

"பாக் ஷாஃப்ரில், அந்த லெவல் கருவி உங்க அப்பா காலத்துதா?"

"எங்கப்பா மீன் பிடிச்சாரு பாக். அது நான் வாங்கினது."

ஆட்கள் சிரித்தார்கள். வினார்னோ சிரிக்கவில்லை.

"உங்க கண்ணு ஒண்ணு சொல்லுது. வானத்துல சுத்துறது ஒண்ணு சொல்லுது. நான் எதைக் கேக்கட்டும்? தொழுகை முடிஞ்சதும் ஆபரேட்டர் பாசோ கான்கிரீட் உடைக்கிற பிரேக்கரோட வருவான். அதிகமா இருக்கிறத எடுத்துருவான். செலவு உங்க கணக்குல."

செலவு மட்டுமல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். உயரம் தவறிய சுவரைக் கட்டியவன் என்று பேர் வந்துவிட்டால் ஷாஃப்ரிலை அடுத்த பாலத்துக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள். அவரோடு வந்த அத்தனை பேரும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அவர் வினார்னோவை விட்டுத் தியுர்மா பக்கம் திரும்பினார்.

"இபு, காலையில சரி பார்த்தீங்களா?"

"பார்த்தேன் பாக். சோதனைக்கு அடிச்ச ஆணி மேல கோலை வச்சேன். ஒரு வித்தியாசமும் இல்ல."

"நேத்து?"

"நேத்தும் இல்ல."

"அதுக்கு முன்னாடி?"

"தினமும் பார்க்கிறேன் பாக். ஒரு நாளும் இல்ல."

"குடுத்து வச்ச ஆணி," என்றார் ஷாஃப்ரில். "இந்த மண்ணுல என் பல்லுகூட ஆடுது."

சொல்லிவிட்டு எழுந்து போனார். அவருக்குக் கோபம் வந்திருந்தால் தியுர்மாவுக்கு எளிதாக இருந்திருக்கும்.

அவள் தோபா ஏரிக்கரைப் பெண். தொழிற்பள்ளியில் சர்வே படித்து, வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருடங்கள் வேறு யாரோ கருவியில் பார்க்க, எதிர்ப்பக்கம் கோலைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றவள். பிறகு கருவியின் பின்னால் நிற்கும் இடம் கிடைத்தது. பிறகு கருவியே மாறிவிட்டது. எதையும் ஒரு தடவை பார்த்து நம்பமாட்டாள். மீன் வாங்கினால்கூட இரண்டு தராசில் நிறுத்துப் பார்ப்பவள் என்று அவள் அக்கா கேலி செய்வாள். கணவன் விஷயத்தில் மட்டும் ஒரே தராசை நம்பினாள். அவன் சௌக்கியமா என்று அவனையே கேட்டாள். சௌக்கியம் என்று அவனே சொன்னான். பாத்தாம் தீவில் அவனுக்கு இன்னொரு வீடு இருந்தது தெரிய வருவதற்குள் மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். இப்போது மகள் சியாந்தார் நகரில் அக்கா வீட்டில் படிக்கிறாள். தியுர்மா முகாமில் தகர அறையில் இருக்கிறாள்.

முகாமுக்குப் பின்னால், கம்பி வேலி போட்ட ஒரு வட்டத்துக்குள், இடுப்புயரக் கான்கிரீட் தூண் ஒன்று நின்றது. அதன் தலையில் காளான் போல ஒரு ஆண்டெனா. தூண் எங்கே, எந்த உயரத்தில் இருக்கிறது என்று தொடக்கத்திலேயே அளந்து அதற்குள் பதித்தாயிற்று. செயற்கைக்கோள்கள் சொல்வதைத் தன் இடத்தோடு ஒப்பிட்டு, அதில் உள்ள பிழையை அது ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருக்கும். சாலையைச் சமப்படுத்தும் கிரேடரின் கத்தி அதைக் கேட்டுத்தான் ஏறி இறங்கும். தியுர்மாவின் கோலும் அதைக் கேட்டுத்தான் பேசும். ஆட்கள் அதைத் தாய்த்தூண் என்பார்கள். வேலிக்குள் யாரும் கால் வைக்கக்கூடாது, லாரி அருகில் போகக்கூடாது, பக்கத்தில் நின்று ஒன்றுக்குப் போகக்கூடாது என்று தியுர்மா போட்ட சட்டம். அவளுக்குப் பயந்து எல்லோரும் அதை மதித்தார்கள்.

அந்த நிலம் அப்படிப்பட்டது. பெயருக்குத்தான் மண். தோண்டினால் கறுப்பாக மக்கிய மரமும் வேரும் இலையும் வரும். நனைந்தால் உப்பும், காய்ந்தால் அமுங்கும். அதனால்தான் முகாமிலேயே மேடான, மழைக்காலத்திலும் தண்ணீர் நிற்காத இடமாகத் தேடி, அடியில் மரக்கழிகளை நெருக்கமாக அடித்து இறக்கி, மேலே மணல் கொட்டித் தூணை நிறுத்தியிருந்தாள்.

தொழுகைக்கு ஆட்கள் குளித்து, சாரம் கட்டிக் கிளம்பிப் போனார்கள். இயந்திரங்கள் அப்படி அப்படியே நின்றன. சைட்டில் மிச்சம் இருந்தது தியுர்மாவும், அவளைப்போலவே பத்தாக் கிறிஸ்தவனான மெக்கானிக் தீகோரும்தான். தீகோர் கிரேடரின் நிழலில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.

தியுர்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கட்டி வைத்துவிட்டுத் தூண் பக்கம் நடந்தாள். ஷாஃப்ரில் சொன்னது முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. எல்லாம் ஆடுகிற இடத்தில் ஒன்று மட்டும் ஆடவில்லை என்றால் அதைப் பாராட்டுவதா, சந்தேகப்படுவதா?

வேலிக்குள் வாத்துகள் இருந்தன.

சமையல்காரியின் மூன்று வாத்துகள். கம்பிக்கு அடியில் நுழைந்து போயிருந்தன. தூணின் காலடியில், காலைக் கூட்டத்துக்குப் பிறகு கொட்டிய மழை தேங்கி நின்றது. அவை அதில் தலையை முக்கி முக்கி எடுத்தன. தியுர்மா முதலில் அவற்றை விரட்டத்தான் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

தண்ணீர் நிற்காத இடம் என்றுதானே இதைத் தேர்ந்தெடுத்தாள்?

கம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். தூணைச் சுற்றி நிலம் ஒரு தட்டைப் போலக் குழிந்திருந்தது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத குழிவு. தண்ணீருக்குத் தெரிந்திருந்தது. தூணின் அடிமேடையில் அவள் அடித்த ஆணியின் தலை நீருக்குள் பளபளத்தது.

தினமும் காலையில் அவள் கோல் வைக்கும் ஆணி அதுதான். முன்பெல்லாம் காலைச் சோதனைக்குத் தூரத்தில் ஒரு மதகின் மேல் குறி வைத்திருந்தாள். மழைக்காலத்தில் அது மூழ்கிவிட்டது. இப்போதைக்கு இருக்கட்டும் என்று தூணின் மேடையிலேயே ஓர் ஆணியை அடித்தாள். அந்த 'இப்போதைக்கு' மாதக்கணக்கில் நீண்டுவிட்டது. தூண் இறங்கினால் ஆணியும் கூடவே இறங்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் எப்போதும் மாறாது. தினமும் காலையில் அவள் தூணைப் பற்றித் தூணிடமே விசாரித்துக்கொண்டிருந்தாள்.

செயற்கைக்கோள்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் தூண் எங்கே நிற்கிறது என்று அவற்றுக்குக் கவலை இல்லை. 'நான் இந்த உயரத்தில் இருக்கிறேன்' என்று தூண் நம்புவதை அவள்தான் ஒருநாள் எழுதி வைத்தாள். அது இன்னும் அதையே நம்பிக்கொண்டிருந்தது.

ஆனால் இதுவும் இன்னும் ஊகம்தான். நிலம் குழிந்திருக்கிறது, அதனால் தூண் இறங்கியது என்று ஆகிவிடாது. தூணும் சுவரும் எதிரெதிராகச் சொல்கின்றன. மூன்றாவதாக ஒன்று வேண்டும், இந்த இரண்டோடும் ஒட்டு உறவில்லாத ஒன்று.

"தீகோர்! எழுந்திரு!"

"என்ன அக்கா?" என்று பத்தாக் மொழியில் கேட்டபடி பதறி எழுந்தவன் கிரேடரின் அடியில் தலையை இடித்துக்கொண்டான்.

"பைக்கை எடு. எண்ணெய்க் குழாய் கால்வாயைத் தாண்டுற இடத்துக்குப் போகணும்."

"இந்த வெயில்லயா? அங்க என்ன இருக்கு?"

"அந்தக் குழாய் நிக்கிற இரும்புக்கால் அடிக்களிமண் வரைக்கும் இறங்கியிருக்கு. அதுல ஒரு குறி இருக்கு. ரோடு ஆரம்பிக்கும்போதே அதை அளந்து வச்சிருக்கேன்."

"திங்கக்கிழமை போனா ஆகாதா?"

"திங்கக்கிழமை சுவர் இருக்காது."

தீகோர் பைக்கைக் கிளப்பினான். கால்வாய்க் கரையில் பைக் துள்ளியது. பின்னால் தியுர்மா கோலை ஈட்டி போலப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மழையில் ஊறிய கரை வழுக்கியது. ஒரு திருப்பத்தில் பின்சக்கரம் தண்ணீர் பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. தீகோர் காலை ஊன்றிச் சமாளித்தான்.

"விழுந்தா கோலைக் காப்பாத்தவா, உங்களைக் காப்பாத்தவா?"

"கோலை!"

"அது தெரியும். சும்மா கேட்டேன்."

குழாய் கால்வாயைத் தாண்டும் இடத்தில் இரும்புக்கால்கள் துருப்பிடித்து நின்றன. அவற்றில் ஒன்றில் வெட்டிய குறியைச் சேறு மூடியிருந்தது. தியுர்மா கைக்குட்டையால் துடைத்தாள். கோலின் முனையை அதில் பொருத்தி, நீர்க்குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் எண் வந்தது. அவள் தன் பழைய அளவோடு ஒப்பிட்டாள்.

ஆறு சென்டிமீட்டர் உயரம்.

குறி உயர்ந்திருக்க வழியில்லை. இரும்புக்கால் களிமண்ணிலிருந்து எழும்பி வராது. கருவியை அணைத்தாள். செயற்கைக்கோள்களைப் புதிதாகப் பிடிக்கட்டும் என்று காத்திருந்தாள். தீகோர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி வைத்தாள். மறுபடியும் ஆறு.

பாலத்திலும் ஆறு, இங்கேயும் ஆறு. அப்படியென்றால் இரண்டும் சரி. தூண்தான் இறங்கியிருக்கிறது. தான் இறங்கியதை அறியாமல், மற்றதெல்லாம் உயர்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அதன் பேச்சைக் கேட்டுக் கிரேடர் போட்ட சாலை முழுவதும் அந்த அளவுக்குத் தாழ்வு.

வினார்னோவைக் கூப்பிட்டாள். போன் அணைத்திருந்தது. ஷாஃப்ரிலும் எடுக்கவில்லை. தொழுகை நேரத்தில் யார் எடுப்பார்கள்?

"போ, போ," என்று தீகோரின் முதுகில் அடித்தாள்.

பாதி வழியிலேயே சத்தம் கேட்டது. தட தட தட என்று, இரும்பு கான்கிரீட்டைக் கொத்தும் சத்தம். தொழுகை முடிந்துவிட்டது. பாசோ சோறுகூடத் தின்னாமல் வந்திருக்க வேண்டும்.

பைக் நிற்பதற்குள் தியுர்மா குதித்தாள். சுவரின் ஒரு மூலையிலிருந்து தூசி எழும்பிக்கொண்டிருந்தது. கத்தினாள், பிரேக்கர் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. மண் சரிவில் ஏறி, சுவரின் தலைமேல் போய் நின்று, இரண்டு கையையும் விரித்தாள். பிரேக்கரின் உளி அவளுக்கு ஓர் எட்டு தள்ளி ஆடிக்கொண்டிருந்தது. தெறித்த ஒரு சில்லு அவள் முழங்காலில் பட்டது.

சத்தம் நின்றது. பாசோ கண்ணாடியைத் தள்ளித் தலையை நீட்டினான்.

"இபு! எறங்குங்க! நீங்க செத்தா என்னையில்ல பிடிப்பாங்க!"

"எஞ்சினை நிறுத்து! சுவர் சரியா இருக்கு! நான் குடுத்த எண்தான் தப்பு!"

"நேத்து தப்பா, இன்னைக்குத் தப்பா?"

"நேத்து!"

பாசோ எஞ்சினை அணைத்தான். திடீரென்று கேட்ட அமைதியில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஷாஃப்ரில் சுவருக்கு முதுகைக் காட்டி, ஒரு சிமெண்ட் மூட்டையில் உட்கார்ந்து கிராம்புச் சிகரெட் புகைத்துக்கொண்டிருந்தார். அவர் மட்டும் திரும்பவில்லை.

சட்டைப் பொத்தானைப் போட்டபடி வினார்னோ வந்தார். தியுர்மா சொன்னதை நின்றுகொண்டே கேட்டார். 

"தூண் எதுக்கு இறங்குது? கழி அடிச்சுத்தானே போட்ட?"

"அது எனக்கும் புரியல பாக்."

எல்லோருமாகத் தூணுக்குப் போனார்கள். வாத்துகள் இன்னும் அங்கேயே இருந்தன. வினார்னோ வேலிக்கு உள்ளே போய், பூட்ஸ் நுனியால் ஈர மண்ணை அழுத்தினார். பூட்ஸ் உள்ளே போனது.

"இந்த இடத்தை யாரோ தோண்டியிருக்காங்க," என்றார். "யாரு?"

 ஒருவன் தன் செருப்பைப் பார்த்தான். இன்னொருவன் வாத்தைப் பார்த்தான். கடைசியில் கூட்டத்தின் பின்னாலிருந்து, கான்கிரீட் கூட்டத்துக்குத் தலைவரான ஜாவாக்காரர் ஜுமாடி முன்னால் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எருமைத்தலை இருக்கு பாக். கீழ."

வினார்னோவுக்குக் காது சிவந்தது. டிப்பர் லாரி கவிழ்ந்து டிரைவர் செத்த வாரத்தில், இன்னொரு சாவு வராமலிருக்க எருமை வெட்டி, தலையைப் புதைத்துச் சோறு போட வேண்டும் என்று ஆட்கள் கேட்டார்கள். வேலை நின்றுவிடும் என்று அவர் மறுத்துவிட்டார். அந்த வாரம் தியுர்மா அத்தையின் சாவுக்கு ஊருக்குப் போயிருந்தாள்.

"நான் வேண்டாம்னு சொன்னேன்ல?"

"நீங்க எருமை வாங்கித் தரமாட்டேன்னு சொன்னீங்க. நாங்களே வாங்கிக்கிட்டோம்."

"இத்தனை இடம் கெடக்கு. இங்கதான் கெடைச்சுதா?"

"வேற எங்க பாக்?" ஜுமாடி உண்மையிலேயே வியந்தார். "எல்லா இடத்துலயும் லாரி ஓடுது, கண்டவன் மிதிக்கிறான், அசிங்கம் பண்றான். இந்த ஒரு இடத்துலதான் யாரும் கால் வைக்கிறதில்ல. இபு அவ்வளவு சுத்தமா வச்சிருந்தாங்க. நாய் தோண்டாம இருக்கணும்னு ஆழமா வெட்டினோம். நடுவுல பழைய கட்டை நாலஞ்சு இடைஞ்சலா இருந்துச்சு. அதை உருவி எடுத்துட்டோம்."

தியுர்மா கண்ணை மூடிக்கொண்டாள். பழைய கட்டை. தூணைத் தாங்க அவள் அடித்த கழிகள்.

"எல்லாம் முடிச்சு வேலியைத் திரும்பச் சரியா கட்டிட்டுத்தான் போனோம் இபு," என்றார் ஜுமாடி மெதுவாக.

"தோண்டி எடு," என்றார் வினார்னோ. "இப்பவே."

"அது முடியாது பாக்." குரல் உயரவில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் ஓரடி நெருங்கி நின்றார்கள். "எடுத்தா நாளைக்கு எவனும் வண்டியில ஏறமாட்டான்."

வினார்னோ நெற்றியைத் தேய்த்தார். தியுர்மாவைத் தனியே வேலி ஓரம் அழைத்துப் போனார்.

"சரி. தலை அங்கேயே கெடக்கட்டும். நீ தூணோட எண்ணுல ஆறைக் கழிச்சுப் போட்டுடு. இன்னையிலேர்ந்து எல்லாம் சரியா வரும். சுவர்ல பேந்த இடத்துல சிமெண்ட் பூசிக்கலாம்."

"போட்ட ரோடு பாக்?"

"இது மக்குமண்ணு. தானா அமுங்கிடுச்சுன்னு சொன்னா யார் கேக்கப் போறா?"

"பாலத்துகிட்ட படி மாதிரி நிக்கும். ராத்திரி வேகமா வர்ற பைக்காரனுக்கு அது தெரியாது."

"தார் போடும்போது சரிவா இழுத்துக்கலாம்."

அவர் கெட்ட மனிதர் அல்ல, களைத்த மனிதர். எண்ணை மாற்ற அவளுக்கு நாலு பொத்தான் போதும். மாற்றினால் ஜுமாடியும் தப்பிப்பார், வினார்னோவும் தப்பிப்பார், அவளும் தப்பிப்பாள். ஷாஃப்ரில்கூடத் தப்பிப்பார், சுவர் தப்பு என்று ஒரு சந்தேகம் பின்னாலேயே வரும், அவ்வளவுதான்.

"இன்னைக்கு ஆறு," என்றாள். "நாளைக்கு எவ்வளவுன்னு இந்தத் தூணையா கேக்கிறது? நான் மாத்தமாட்டேன் பாக். நான் குடுத்த எண் தப்பு, சுவர் சரின்னு இப்பவே எழுதித் தர்றேன்."

"ஹெட் ஆபீஸ்ல உன்னைத்தான் கேப்பாங்க. எருமையைக் கேக்கமாட்டாங்க."

"கேக்கட்டும். அவங்க தோண்டினது தெரியாம பண்ணின தப்பு. ஆணியைத் தூணோட மேடையில அடிச்சது நான், எல்லாம் தெரிஞ்ச நான். தூரத்துல அடிச்சிருந்தா மறுநாளே பிடிச்சிருப்பேன்."

 வினார்னோ கிரேடர்களை நிறுத்தும்படி ரேடியோவில் சொன்னார். உடனே திரும்பி நடந்துவிட்டார். அது ஒப்புதலா, கோபமா என்று தெரியவில்லை. இரண்டும் இருக்கலாம்.

தியுர்மா பாலத்துக்குப் போனாள். சுவரின் மூலையில் தேங்காய் அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்திருந்தது. உள்ளே கம்பி தெரிந்தது. ஷாஃப்ரில் அதைக் கையால் தடவிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க அவள் வாயைத் திறந்தாள். அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"ஆணி வச்சிருக்கீங்களா?"

"இருக்கு பாக்."

"இங்க அடிங்க. இந்தச் சுவரு களிமண்ணுல நிக்குது." இன்னொரு கிராம்புச் சிகரெட்டைப் பற்றவைத்தார். "தினமும் காலையில இங்க வந்து பார்த்துட்டு அப்புறம் என்னைக் குறை சொல்லுங்க."

"இதுவும் ஆடினா?"

"ஆடினா ஆடினதுன்னு சொல்லுங்க. எனக்கென்ன கோபம்?"

ஹெட் ஆபீஸிலிருந்து திங்கட்கிழமை ஆள் வருவதாகச் சொன்னார்கள். சனிக்கிழமை காலை, எண்ணெய்க் குழாயின் இரும்புக்கால் பக்கத்தில் தற்காலிகமாக நிறுத்திய ஆண்டெனாவை வைத்து, தியுர்மா பாலத்துச் சுவரில் கோலை ஊன்றினாள். ஷாஃப்ரிலின் ஆட்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். குமிழி நடுவுக்கு வந்தது.

திரையில் வந்த வித்தியாசம் சுழியம் அல்ல. ஏழு மில்லிமீட்டர். காற்றும் வானமும் கையின் நடுக்கமும் சேர்ந்து கொடுக்கும் சாதாரண வித்தியாசம். அவள் அதை உரக்கப் படித்தாள்.

"ஏழா?" என்றார் ஷாஃப்ரில். "என் பக்கமா, உங்க பக்கமா?"

"தெரியல பாக். நாளைக்கும் பார்க்கணும்."

அவர் தலையாட்டிவிட்டுப் பெயர்ந்த மூலைக்குக் கலவை குழைக்கப் போனார்.